மூணாவது டிராக்கில் சங்கரேஸ்வரி

வாங்க அண்ணாச்சி, வாங்க. கவுன்சிலர் வீடுதான். செருப்பை வெளியவே விட்டுருங்க, சரக் சரக்குன்னு மைக்குல விழும். கவுன்சிலர் இல்ல. கிழக்குத் தெருவுல குழாய் உடைஞ்சிருச்சாம், வண்டியை எடுத்துட்டுப் போயிருக்கா. வந்துருவா. வரலைன்னாலும் ஒண்ணும் குறைஞ்சு போகல, நான்தான் இருக்கேனே. நான் தவசிலிங்கம். கவுன்சிலரோட வீட்டுக்காரர். என்கிட்ட சொன்னா அவகிட்ட சொன்ன மாதிரிதான்.

அந்த நாற்காலியில உக்காருங்க. செவுத்துல சாயாதீங்க, முட்டை அட்டை நசுங்கிரும். ஆமா, முட்டை அட்டைதான். புரோட்டாக் கடையில சொல்லி வச்சு வாங்குனது. அது எதிரொலியைக் குடிச்சிரும். அதுக்குப் பின்னாடி மெத்தை அடிச்சிருக்கேன். கதவைச் சாத்திட்டா இங்க என்ன பேசுனாலும் வெளிய ஒரு ஈக்குக் கேக்காது.

இந்தா, இந்த மைக் உங்களுது. பக்கத்துல இழுத்துக்கோங்க. சிவப்பு லைட்டு எரியுதேன்னு பயப்படாதீங்க, உங்க மனு பதிவாகுது. இந்த நகராட்சியில எந்த கவுன்சிலர் வீட்டுலயும் கிடையாது இந்த வசதி. ஸ்கிரீனைப் பாருங்க. ரெண்டு கோடு ஓடுதா? மேல இருக்குறது என் மைக், கீழ இருக்குறது உங்க மைக். என் குரல் உங்க கோட்டுல விழாம இருக்க ஒரு செட்டிங் போட்டு வச்சிருக்கேன். பேசுனா கோடு பொங்கும், பேசாட்டி நேரா ஓடும். இதுக்கு டிராக்குன்னு பேரு. மக்கள் வந்து குறையைச் சொல்லணும், நான் பதிவு பண்ணணும், சாயங்காலம் அவ காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் காய் நறுக்கிக்கிட்டே கேப்பா. மனுப் பதிவுப் பொறுப்பு முழுக்க என்னுது. அவளாக் கூப்பிட்டுக் குடுத்த பொறுப்பு.

அதுலயும் இன்னிக்கு ஒரு சிக்கல் இருக்கு. காலையில வண்டியை எடுக்கும்போது என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? “இதுவரைக்கும் நீங்க குடுத்த பதிவுல எல்லாம் உங்க குரல்தான் இருக்கு, வந்தவங்க குரலைக் காணோம். இன்னிக்கும் அப்படியே இருந்துச்சுன்னா மெத்தையை எல்லாம் பிச்சுப் போட்டுட்டு இந்த ரூமை கோமதிக்குத் தையல் மெஷின் போடக் குடுத்துருவேன்”னுட்டா. கோமதி பக்கத்து வீடு. நல்ல பிள்ளைதான், ஆனா தையலுக்கு எதுக்கு மெத்தை அடிச்ச ரூம்? அதனால நீங்க நிதானமா, விளக்கமா, முழுசாச் சொல்லணும். சரியா? சொல்லுங்க.

இருங்க, இருங்க. இந்த ஸ்டூடியோ எப்படி வந்துச்சுன்னு தெரியாம நீங்க பேசுனா உங்களுக்கு மைக் பிடிபடாது. அதை மட்டும் சொல்லிடுறேன்.

இந்த வார்டு பெண்கள் வார்டுன்னு அறிவிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல அண்ணாச்சி. கவுன்சிலர் ஆகுறதுக்கு எத்தனை வருசமா என்னைத் தயார் பண்ணி வச்சிருந்தேன்! இந்த வார்டுல காதுகுத்தா, சடங்கா, புதுமனையா, மைக் சும்மா கிடந்தா எடுத்து நாலு வார்த்தை வாழ்த்திப் பேசாம நான் இறங்குனதில்ல. என்னைப் பாத்ததுமே மைக் செட்டுக்காரங்க வயரைப் பிடுங்கிருவாங்க, அவ்வளவு மரியாதை. அப்படி இருக்கும்போது திடீர்னு பெண்கள் வார்டுன்னா? ஒரு பெண்ணுக்கு எங்க போறது? அப்புறம் யோசிச்சுப் பாத்தா, நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கு.

அவளைக் கேட்டீங்களான்னு பாக்குறீங்க. கேக்காம இருப்பேனா? வேட்பு மனுவுல கையெழுத்துப் போடும்போது “பேனா எழுதுதா”ன்னு கேட்டேன். எழுதுதுன்னா.

கட்சி சீட்டை ஜெயக்கொடிக்குக் குடுத்துட்டாங்க. ஜெயக்கொடின்னா அவ வீட்டுக்காரனுக்குன்னு அர்த்தம். நாங்க சுயேச்சை. சீப்புச் சின்னம். போஸ்டர்ல என் போட்டோவைப் பெருசாப் போட்டு, அவ போட்டோவை ஓரத்துல போட்டேன், வாக்காளருக்கு அடையாளம் தெரியணும்ல. என் தலைக்கு நேர் மேல சீப்பு. ஊரெல்லாம் ஒட்டியாச்சு. அதைப் பாத்து டீக்கடையில எல்லாரும் ஏன் அப்படிச் சிரிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. வெயில்ல எடுத்த போட்டோ, மண்டை கொஞ்சம் மின்னுச்சு, அவ்வளவுதான்.

போஸ்டர் இருந்தாப் போதுமா? ஆட்டோவுல ஓட விடப் பாட்டு வேணும், பேச்சு வேணும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்கு இவளைக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்தவன், “வேட்பாளர் உள்ள வந்து பேசட்டும், நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க”ன்னான். என்னை! வெளிய! பெஞ்சுல! அந்த இடத்துலயே முடிவு பண்ணிட்டேன், நம்ம வீட்டுலயே ஸ்டூடியோ போடுறதுன்னு. நம்ம ஜெராக்ஸ் கடை லேப்டாப் இருக்கு. மைக்கும் சவுண்டு கார்டும் வாங்கிப்புட்டேன். இந்த ரூம்ல அரிசி மூட்டையும் பழைய பாத்திரமும் கிடந்துச்சு, எல்லாத்தையும் அடுப்படிக்குத் தள்ளியாச்சு. எங்க மாமனார் சீரா குடுத்த இலவம்பஞ்சு மெத்தையைச் செவுத்துல வச்சு ஆணி அடிச்சாச்சு. இப்பப் பாயிலதான் படுக்குறோம். அவளுக்கு இடுப்பு வலி. தரையில படுத்தா இடுப்புக்கு நல்லதுன்னு நான்தான் சொன்னேன்.

அடுத்து சாஃப்ட்வேரு. யூடியூப்ல ஒரு தம்பி சொல்லித் தருவான், “வணக்கம் நண்பர்களே, இன்னிக்கு நம்ம முதல் ரெக்கார்டிங்”னு ஆரம்பிப்பான். நல்ல பையன், ஆனா பேச்சு அதிகம். விசயத்துக்கு வரவே மாட்டான். எனக்கு அந்த மாதிரி ஆளுங்களைக் கண்டா ஆகாது.

சாஃப்ட்வேரைத் திறந்ததும், ப்ராஜெக்ட்டுக்குப் பேரு குடுன்னு கேட்டுச்சு. ‘நகராட்சித் தலைவர்’னு குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் அதே பேருலதான் இருக்கு. முதல் டிராக்குல மியூசிக். சாஃப்ட்வேருக்குள்ளயே தபேலா, ஆர்மோனியம் எல்லாம் இருக்கு, மவுஸால அழுத்துனா வாசிக்கும். ரெண்டாவது டிராக்குல நான் எழுதி நானே பாடுன பாட்டு. மூணாவது டிராக்கு சங்கரேஸ்வரிக்கு. அவதான் என் வீட்டுக்காரி, சங்கரேஸ்வரி. எந்த டிராக்குக்கும் பக்கத்துல ரெண்டு பொத்தான் இருக்கும் பாருங்க. எம்முன்னு இருக்குறதை அழுத்துனா அந்த டிராக் ஊமை. எஸ்ஸுன்னு இருக்குறதை அழுத்துனா அது மட்டும்தான் பேசும், மத்ததெல்லாம் ஊமை. இந்த எஸ்ஸை மனசுல வச்சுக்கோங்க அண்ணாச்சி. என் குடியைக் கெடுத்தது இந்த எஸ்ஸுதான்.

அவளுக்குப் பேச்சு எழுதிக் குடுத்தேன். “அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, சமூக சேவகர் தவசிலிங்கத்தின் துணைவியாகிய நான்”னு ஆரம்பிக்கும். அதுல பாருங்க, ‘ப’ன்னு சொன்னாலே மைக்குல காத்து அடிச்சுப் படார்னு வெடிக்குது. வாசிச்சுப் பாத்தா முக்காவாசி வாக்குறுதி அந்த எழுத்துலதான் ஆரம்பிக்குது. பாலம், பள்ளிக்கூடம், பூங்கா, பொதுக் கழிப்பறை. வேற வழியில்ல, எல்லாத்தையும் எடுத்துட்டேன். கடைசியில சாலையும் விளக்கும் மட்டும்தான் மிஞ்சுச்சு. பின்னாடி அந்தத் தம்பியோட இன்னொரு வீடியோவைப் பாத்தேன், மைக்குக்கு முன்னாடி ஒரு துணியைக் கட்டுனாப் போதுமாம். இவ துணியில பூ போட்டுத் தைக்கிற வளையத்துல பழைய தாவணியைக் கட்டி வச்சேன், அதோ தொங்குதே, அதுதான். வெடிக்கிறது நின்னுருச்சு. பாலத்தைத் திருப்பிச் சேக்க மறந்துட்டேன்.

என்ன அண்ணாச்சி, பாலம்னதும் வாயைத் திறந்தீங்க? பாலம் விசயமா வந்தீங்களா? சொல்லலாம், சொல்லலாம், முடிக்கப் போறேன்.

சத்தம் இல்லாம எப்படிப் பதிவு பண்றது? அதான் கேள்வி. எதிர்த்தாப்புல மாவு மில்லு, விடிஞ்சா அரைக்க ஆரம்பிச்சிருவான். அதுக்கு நான் ஒரு யோசனை பண்ணேன். மாசாமாசம் பராமரிப்புன்னு கரண்டை நிறுத்துவாங்கள்ல? பேப்பர்ல எந்தெந்தத் தெருன்னு போடுவாங்களே, அந்த நாளைப் பிடிச்சேன். அன்னிக்கு மில்லு ஓடாது, மோட்டார் ஓடாது, டிவி கிடையாது, தெருவே அடங்கிக் கிடக்கும். லேப்டாப்புதான் சார்ஜ்ல இருக்கே! இந்த ஊருல இந்த மூளை எவனுக்கு வரும்? என்ன, ஃபேன் ஓடாது. மெத்தை அடிச்ச ரூம், கதவு ஜன்னல் சாத்தியிருக்கு. சங்கரி பட்டுச் சேலையில வேர்த்து ஒழுகிட்டா. பட்டுச் சேலை எதுக்குன்னா, வேட்பாளருக்கு ஒரு தோரணை வேணும்ல, குரல்ல தெரியும்.

பின்னணியில மியூசிக்கை ஓட விட்டு, ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே அதோட சேர்ந்து பேசச் சொன்னேன். அவ பேசுறா, ஆனா ஒவ்வொரு வரியும் லேட்டா விழுது. “லேட்டு”ன்னேன். மறுபடி பேசுனா. மறுபடியும் லேட்டு. “கல்யாணத்தன்னிக்கு மணவறைக்கு லேட்டா வந்தவதானே நீ, பரம்பரையே லேட்டு”ன்னு சொல்லிட்டேன், கோவத்துல. முகத்தைத் துடைச்சுக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சா. அப்பவும் லேட்டு. பிற்பாடுதான் தம்பி வீடியோவுல சொன்னான், அது பேசுறவங்க தப்பு இல்லையாம், சாஃப்ட்வேர் செட்டிங்காம், கம்ப்யூட்டரே குரலைத் தாமதமா வாங்குதாம், ஒரு எண்ணைக் குறைச்சாச் சரியாயிருமாம். குறைச்சேன், சரியாயிருச்சு. இல்ல, அவகிட்டச் சொல்லல. இதெல்லாம் டெக்னிக்கல், அவளுக்குப் புரியாது.

இந்த நேரத்துல தெருவுல “உப்போய்...”னு ஒரு சத்தம். உப்பு வண்டிக்காரர்! அவருக்குக் கரண்டு எதுக்கு, தொண்டை இருக்கே. அவரை அப்பால அனுப்பிட்டு வர்றேன்னு எழுந்து வெளிய போனேன். கதவைத் திறந்து போட்டுட்டேன், சிவப்பு லைட்டையும் அணைக்கல. ஒரு நிமிசத்துல வந்துருவோம்னு நினைச்சுத்தான். ஆனா அவரும் நம்ம வார்டு வாக்காளரு. ஓட்டு கேக்காம எப்படி வர்றது? என் திட்டத்தை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துச் சொன்னேன். ரொம்ப ஆர்வமாக் கேட்டாரு. நடுவுல நடுவுல வண்டியை நகத்தப் பாத்தாரு, நான் ஹேண்டில் பாரைப் பிடிச்சுக்கிட்டேன். திரும்பி வந்து பாத்தா இவ மைக்கு முன்னாடி உக்காந்தபடியே முந்தானையால விசிறிக்கிட்டு இருக்கா, கோமதி ஜன்னலைத் தள்ளித் திறந்து தலையை உள்ள நீட்டிக்கிட்டு நிக்கிறா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. பொம்பளைங்க பேச்சு.

சாயங்காலம் கரண்டு வந்ததும் உக்காந்தேன். இவ பேசுனது எப்படி இருக்குன்னு பாக்க மூணாவது டிராக்குக்கு எஸ்ஸு அழுத்திக் கேட்டேன். ஆரம்பம் மட்டும்தான் கேட்டேன். தேறாது. குரல்ல கம்பீரமே இல்ல, வீட்டுல பேசுற மாதிரி பேசுறா. சுருதியை இறக்கிப் பாத்தேன், சாமி வந்தவ மாதிரி உறுமுது. ஏத்துனா குழந்தை அழுவுது. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. அவளுக்குப் பதிலா நானே பேசுனா என்ன?

சிரிக்காதீங்க அண்ணாச்சி. நாலாவது டிராக்குல “சங்கரேஸ்வரியாகிய நான்”னு என் குரல்ல பேசி, சுருதியை ரெண்டு படி ஏத்துனேன். அசல் பொம்பளைக் குரல்! “என் கணவர் தவசிலிங்கம் இந்த வார்டுக்காகவே வாழ்பவர், அவருக்காக எனக்கு வாக்களியுங்கள்”. கேக்கும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு. இவளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுனேன். முழுசாக் கேட்டா. “இது யாரு”ன்னு கேட்டா. “நீதான்”னேன். அப்படியான்னுட்டு அரிசி களையப் போயிட்டா. அவளுக்கு ரசனை கிடையாது. படுக்கப் போறதுக்கு முன்னாடி, ரெண்டு பேச்சையும் ஒத்துப் பாக்க மூணாவது டிராக்கை மட்டும் இன்னொரு தடவை கொஞ்சம் ஓட்டிப் பாத்தேன், என்னுதுதான் ஒசத்தி.

மறுநாள் காலையில ஆட்டோ குருவையா வந்து வாசல்ல ஹார்ன் அடிக்கிறான், பென் டிரைவைக் குடுங்க, பிரச்சாரத்துக்குக் கிளம்பணும்னு. நான் அவசரமா எல்லாத்தையும் ஒரே பாட்டா மாத்துற பொத்தானை அழுத்திப் பென் டிரைவுல ஏத்திக் குடுத்தேன். திருப்பிக் கேக்கலையான்னா, எத்தனை தடவை கேக்குறது? மனப்பாடமாத் தெரியும். அவன் மேலத் தெருப் பக்கம் போயிட்டான். நான் நோட்டீசை எடுத்துக்கிட்டு வடக்க நடந்தேன். இவ தனியாக் கிழக்க போயிட்டா.

மூணாவது டிராக்குல எஸ்ஸு எரிஞ்சது எரிஞ்சபடியே இருந்திருக்கு அண்ணாச்சி.

மியூசிக் ஊமை. என் பாட்டு ஊமை. நான் பொம்பளையாப் பேசுன பேச்சு ஊமை. மூணாவது டிராக்கு மட்டும், ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும், ரெண்டு குழாய் ஸ்பீக்கர்ல, வார்டு முழுக்க. முதல்ல “அன்பார்ந்த வாக்காள...”னு இவ ஆரம்பிக்கிறா. “லேட்டு!”ன்னு ஒரு சத்தம். அது நான். மறுபடி “அன்பார்ந்த...”. “லேட்டு! பரம்பரையே லேட்டு!”. அப்புறம் உப்பு. அப்புறம் நான் கதவைத் திறந்துட்டுப் போற சத்தம். அப்புறம் ஒரே அமைதி. அதுக்கப்புறம் கோமதி.

“மதினி, ஏன் இப்படி வேர்த்து வடியிறீக?”ன்னு கோமதி கேக்குறா. “மைக்கு வேர்க்கச் சொல்லுது”ங்கிறா இவ. “ஜெயிச்சா என்ன செய்வீக மதினி?”. இவ சொல்றா, “தண்ணி என்னிக்கு, எத்தனை மணிக்கு விடுவாங்கன்னு முந்தின நாளே சொல்ல வைப்பேன். வேற ஒண்ணும் வேணாம், அது போதும். வேலையை விட்டுட்டுக் குடத்தை வச்சுக்கிட்டு வாசல்ல காத்துக் கிடக்கிறோமே, அதை யாராவது ஒரு வேலைன்னு நினைக்கிறாங்களா? நீ அன்னிக்குத் தைக்கக் குடுத்த துணியை ஏன் முடிக்கலைன்னு உன்னைத் திட்டுனாங்க. நீ குழாயடியில நின்னது யாருக்குத் தெரியும்?”. கோமதி மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது. பாத்துக்கோங்க, மூக்கை உறிஞ்சுறது கூட அவ்வளவு தெளிவாக் கேக்குது. என் மைக்கு அப்படி.

அதோட நிறுத்தியிருந்தா நல்லாயிருக்கும். கோமதி விடல. “சரி மதினி, ஜெயிச்சா அண்ணனை என்ன செய்வீக? அவுகதான் கவுன்சிலர்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாக”. இவ சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. பிறகு சொல்றா, “அவரை இந்த ரூமுக்குள்ளயே உக்கார வச்சுக் கதவைச் சாத்திருவேன். மெத்தை அடிச்சு வச்சிருக்காரு, சத்தம் வெளிய வராது. அவரும் பேசிக்கிட்டே இருப்பாரு, நானும் வேலையைப் பாப்பேன்”.

கட்டுன புருசனைப் பத்திப் பேசுற பேச்சா இது? எனக்கு அன்னிக்கு மனசு ரொம்ப வலிச்சுச்சு அண்ணாச்சி. நான் வடக்குத் தெருவுல ஒரு வீட்டு வாசல்ல நின்னு நோட்டீசு குடுக்கிறேன், ஆட்டோ முக்கு திரும்புது, ஸ்பீக்கர்ல என் வீட்டுக்காரி சிரிக்கிறா. ஆட்டோவுக்குப் பின்னாடி ஒரே பொம்பளைங்க கூட்டம். நான் ஓடிப் போய்க் குருவையாவை நிறுத்துறா நிறுத்துறான்னு கத்துனேன். அவன் சொல்றான், “நிறுத்த விட மாட்டேங்கிறாங்கண்ணே, முதல்லேர்ந்து போடு போடுன்னு கேக்குறாங்க”. ஏன்டா, கிளம்பும்போதே தப்புன்னு தெரியலையான்னா, “நான் புது ஸ்டைலுன்னு நினைச்சேன்”னான். பக்கத்துல நின்ன ஒரு கிழவர் என்னைப் பாத்து, “லேட்டு”ன்னாரு. அன்னிலேர்ந்து இந்த வார்டுல எனக்கு அதுதான் பேரு.

ஜெயிச்சுட்டா. ஜெயக்கொடி வீட்டுக்காரன் முகத்தைப் பாக்க முடியல. எல்லாரும் என்னென்னமோ காரணம் சொல்றாங்க, தண்ணியாம், அவ பேசுன விதமாம். நான் சொல்றேன், மைக்குதான். அவ பேச்சு தினமும்தான் குழாயடியில கேக்குது, அப்ப ஏன் எவனும் ஓட்டுப் போடல? அந்தத் தெளிவு அப்ப இல்ல. முட்டை அட்டை, மெத்தை, கரண்டு நிறுத்துற நாளு, இத்தனையும் யாரு யோசனை? பூ வளையத்துல தாவணி கட்டுனது யாரு? ஒருத்தராவது வந்து, தவசிலிங்கம், உன் ரெக்கார்டிங்லதான்யா ஜெயிச்சீங்கன்னு சொல்லட்டும் பாப்போம். அதுதான் என் ஆத்தாமை.

ஆனா தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியும். அடுத்த ஊருல இடைத்தேர்தல் வந்துச்சு, ரெண்டு வேட்பாளரோட வீட்டுக்காரங்க என்னைத் தேடி வந்துட்டாங்க. “உங்க வீட்டம்மா பேசுன மாதிரியே எங்க வீட்டம்மாவுக்கும் யதார்த்தமா ஒண்ணு எழுதிக் குடுங்க. எங்களைத் திட்டுற மாதிரியும் நாலு வரி வேணும்”னாங்க. எழுதிக் குடுத்தேன். எங்கெங்க சிரிக்கணும், எங்க மூக்கை உறிஞ்சணும் எல்லாம் குறிச்சுக் குடுத்தேன். ரெண்டு பேரும் தோத்துட்டாங்க. மைக்கு மட்டமா இருந்திருக்கும்.

பதவி ஏத்த அன்னிக்கு நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நகராட்சிக் கூட்டத்துல அவ பக்கத்து நாற்காலியில போய் உக்காந்தேன். உறுப்பினர் மட்டும்தான் இங்க உக்காரலாம்னாரு ஒரு ஊழியர். நான் எழுந்திரிக்கல. மத்த வார்டு கவுன்சிலரம்மாக்களோட வீட்டுக்காரங்களும் அங்கங்க உக்காந்துதான் இருந்தாங்க, என்னை மட்டும் ஏன் சொல்லணும்? அப்ப இவதான் மெதுவா, “ஏங்க, வீட்டுல உங்களுக்கு ஒரு முக்கியமான பொறுப்பு வச்சிருக்கேன்”னா. என்னன்னேன். “மனுப் பதிவு. அந்த ஸ்டூடியோவை உங்களை விட்டா யாரு பாத்துக்க முடியும்? கதவை மட்டும் நல்லாச் சாத்திக்கோங்க, தெருச் சத்தம் விழுந்துறப் போகுது”ன்னா. என் அருமை அவளுக்காவது தெரியுதேன்னு சந்தோசமா எழுந்து வந்துட்டேன். மத்த வீட்டுக்காரங்களுக்கு இப்படி ஒரு பொறுப்பு உண்டா? சும்மா போய்க் கூட்டத்துல உக்காந்துட்டு வர்றாங்க.

எதுக்குச் சிரிக்கிறீங்க? நீங்களும் அந்த டீக்கடை ஆளுங்க மாதிரியே சிரிக்கிறீங்களே. இதுல சிரிக்க என்ன இருக்கு?

ஒரு சங்கடம் என்னன்னா, இங்க கூட்டம் வர்றதில்ல. முக்காவாசிப் பேரு வாசல்லயே அவளைப் பிடிச்சுப் பேசிட்டுப் போயிடுறாங்க, இல்ல குழாயடியில சொல்லிடுறாங்க. இப்ப முந்தின நாளே தண்ணி நேரத்தைப் போர்டுல எழுதிப் போடுறாங்க, அதைப் பாக்க வர்றவங்க அப்படியே குறையையும் சொல்லிருவாங்க. இந்த ரூம் வரைக்கும் வந்து சேர்றது உங்களை மாதிரி வெளித்தெருக்காரங்கதான், வழி தெரியாம. நீங்க வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. சத்தியமாச் சொல்றேன். நீங்க இல்லைன்னா இந்த ரூம் இன்னியோட தையல் மெஷினுக்குப் போயிருக்கும்.

சரி, என் கதை கிடக்கட்டும். மனுவைச் சொல்லுங்க. பாலம்னீங்க. எந்தப் பாலம்?

அடடா, வண்டிச் சத்தம் கேக்குதே. கதவு இடுக்கு வழியாக் கேக்குது. அவதான். அவ டிவிஎஸ் சத்தம் எனக்குத் தெரியும். வந்ததும் வராததுமா “பதிவைக் குடுங்க”ன்னு கேப்பாளே. ஒண்ணும் பயமில்ல, ரெண்டு பேரு டிராக்கும் தனித்தனியா இருக்குல்ல? அதான் டெக்னிக்கு. என் டிராக்கை எம்மு அழுத்தி ஊமையாக்கிட்டு, உங்க டிராக்கை மட்டும் அவளுக்குக் குடுத்துடுறேன். நான் பேசுனது ஒரு வார்த்தை கூட வராது. உங்க மனு மட்டும் பளிச்சுன்னு... இந்தா, ஸ்கிரீனை முதல்லேர்ந்து நகத்திப் பாப்போம்.

என்ன அண்ணாச்சி இது, உங்க கோடு நேராப் போகுது. நடுவுல நீங்க சிரிச்சது மட்டும் லேசாத் தெரியுது, மத்தபடி இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் நேரா. மைக்கு வேலை செய்யலையா? தட்டிப் பாக்குறேன்... தட்டுனாப் பொங்குதே. அப்ப நீங்க வாயே திறக்கலையா? இவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மனுசன் வந்த வேலையைச் சொல்லணும்ல?

இப்பவாவது சொல்லுங்க. சட்டுனு, எதையாவது சொல்லுங்க. பாலம்னு மட்டும் சொல்லுங்க, போதும், நான் அதை அஞ்சாறு தடவை ஒட்டி நீளமாக்கிடுறேன். அண்ணாச்சி! எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க, அவ இங்கதான் வருவா. அண்ணாச்சி, ஹெட்போன் வயரு, காலு, பாத்து...

போயிட்டாரு. கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாரு.

சங்கரி, நீ சாயங்காலம் இதைக் கேப்ப. ஒண்ணு தெரிஞ்சுக்கோ, அவர் போனதுக்கு நான் காரணம் இல்ல. நாற்காலி கொஞ்சம் ஆடுது, அதான் அவருக்கு உக்காரப் பிடிக்கல. நான் எத்தனை தடவை சொல்லுங்க சொல்லுங்கன்னு கேட்டேன்னு நீயே எண்ணிப் பாத்துக்கோ. மெத்தையைப் பிரிக்கிறது, ரூமைக் குடுக்கிறது எல்லாம் ஆற அமர யோசிச்சுச் செய்யலாம்.

அட. கோடு அசையுது. அவரோட மைக்குக் கோடு அசையுது! சின்னதா, எறும்பு ஊருற மாதிரி. வாசல்ல நின்னு உன்கிட்டப் பேசுறாரு, அது இங்க வரைக்கும் வந்து விழுது. சொன்னேன்ல, என் மைக்கு அப்படி! நீ வண்டியை ஆஃப் கூடப் பண்ணாம நின்னு கேக்குற போல. அவர் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறாரு. இந்த மனுசனுக்கு இவ்வளவு பேச்சு வருமா? இங்க ஒரு மூச்சு விடல.

என்ன சொல்றாருன்னு ஹெட்போன்ல கேக்கலாம்னு பாத்தா என் குரல்தான் காதை அடைக்குது. அவர் பேசுறது கேக்கணும்னா என் டிராக்கை ஊமையாக்கணும். எம்மு. இந்தா இருக்கு. ஒரு அழுத்து, அவ்வளவுதான், முழு மனுவும் பதிவாயிரும், ரூமும் தப்பிச்சுரும். இந்தா அழுத்தப் போறேன். விரலை வச்சுட்டேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன் சங்கரி, அன்னிக்கு நீ லேட்டுன்னு நான் சொன்னதுல பாரு...